இரண்டில் ஒன்று

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். வழக்கமாக எழுதும் நல விசாரிப்பை இந்த முறை விட்டுவிட்டேன். வயிறு எரிகிறவள் நலமா என்று கேட்டால் அது ஒப்புக்குக் கேட்டதாகத்தான் இருக்கும். உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கரண்ட் போய், தெருவில் அத்தனை வீட்டு மெஷினும் நின்றிருந்த நேரம். திருப்பூரில் நம் மண்ணரைப் பக்கம் அப்படி ஒரு அமைதி அபூர்வம். அந்த அமைதியில் உட்கார்ந்து படித்தேன். மண்டபம், சமையல்காரர், பெண்ணுக்கு எடுக்க வேண்டிய கூரைச்சேலை என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில், பேனாவில் மை தீரப்போகிறவன் மாதிரி அவசரமாக, இணைச்சீரைப் பெரியப்பா மகளே செய்துவிடட்டும், அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பக்குவமாக. உன் அக்கா கலாமணியிடம் இத்தனை வருடமாக ஒவ்வொன்றையும் பக்குவமாகச் சொல்லிச் சொல்லி என் நாக்கு வெந்து கிடக்கிறது. இனி யார் சொல்வதென்றாலும் அவரவரே சொல்லிக்கொள்ளட்டும்.

உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் சென்னையிலேயே இருந்து பழகியவர்கள். இணைச்சீர் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால் நீ எப்படி விளக்குவாய் என்று யோசித்துப் பார்த்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் மேடையில் நிற்பாள். கூரைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். இன்னொருத்தி வீட்டுக்கு வந்த பிறகும் நீ எனக்குத் தம்பிதான், நான் உனக்கு அக்காதான் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிற சடங்கு, அவ்வளவுதான். மற்ற சடங்குகளில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் தாலி இழந்த என்னை மண்டபத் தூணைத் தாண்டி முன்னால் வரவிட்டதில்லை. எனக்கும் அது பழகிவிட்டது. ஆனால் இந்த ஒரு சடங்குக்காகக் கலாமணி காத்துக்கொண்டிருந்தாள். உனக்குப் பெண் பேசத் தொடங்கிய நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று நடக்கக்கூடியது வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால்.

நீ தர்க்கம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். நானும் கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் பி.யு.சி. படித்தபோது ஒரு வருடம் தர்க்கம் படித்தவள்தான். கொமரலிங்கம் கிராமத்திலிருந்து போன பெண் தர்க்கம் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று அப்போது வீட்டில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் சொன்னது சரிதான், ஒன்றும் செய்யவில்லை. உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூருக்கு வந்தேன், அவர் போன பிறகு எட்டு மெஷின் போட்டுப் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். ஆனாலும் படித்தது மண்டையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உன் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவுக்கு நடந்த ஒவ்வொன்றிலும் ஒரு தர்க்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துக் கொடுத்தவன் நீ.

முதல் தடவை உனக்கு ஞாபகம் இருக்கும். மடத்துக்குளத்திலிருந்து கலாமணிக்கு வரன் வந்தது. பெரியப்பா பாதி வாக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்குப் பூக்கேட்க முருகன் கோயிலுக்கு எல்லோரையும் கூட்டிப்போனார். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் வைத்து, வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டோம். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. பெரியப்பாவின் முகம் தொங்கிவிட்டது. நீ அப்போது காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய், தத்துவம் இரண்டாம் வருடம். சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "ஏனுங்க பெரியப்பா, செவப்புன்னா வேண்டாம்னு சாமியாங்க சொல்லுச்சு? அது நாம வெச்சுக்கிட்டதுதானுங்களே. மாத்தி வெச்சிருந்தா இந்நேரம் சரின்னு ஆயிருக்குமுங்க."

நீ கேலியாகத்தான் சொன்னாய். பூக்கேட்பதையே நையாண்டி செய்தாய். பெரியப்பா நையாண்டியை விட்டுவிட்டு அதற்குள் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். "பையன் சொல்றதுலயும் ஒரு இது இருக்குதுங்க பூசாரி. இன்னொருக்கா கட்டிப் போடுங்க. இந்தத் தடவ செவப்பு வந்தா சரின்னு வெச்சுக்கலாம்." பூசாரிக்கு என்ன வந்தது, கட்டிப் போட்டார். பிரித்தால் மறுபடியும் சிவப்பு. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, முருகன் உத்தரவு கொடுத்துட்டான் என்றார். யோசித்துப் பார் கண்ணு. முருகன் வாக்கு மாறவில்லை. இரண்டு தடவையும் அதே பூவைத்தான் கொடுத்தான். நாம்தான் அதை முதலில் வேண்டாம் என்று வைத்து, பிறகு சரி என்று வைத்தோம். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பது நாம் வைப்பதுதான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு வேண்டாம் என்று பதில் வந்த பிறகு, நிறத்தின் அர்த்தத்தை மாற்றினால் வேண்டாம் என்பது சரி என்பதாகிவிடுமா? பின்னால் வெள்ளைச்சேலையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு இது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கலாமணி முன்னால் நின்றுகொண்டிருந்தாள், குங்குமத்துக்குக் கை நீட்டினாள்.

மாப்பிள்ளைக்கு உடுமலையில் இன்னொரு குடும்பம் இருந்தது. மடத்துக்குளத்தில் எல்லோருக்கும் தெரியும், நமக்குத்தான் தெரியாது. இரண்டாவது வருடம் உன் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினாள். அன்றைக்குப் பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, என்ன சொன்னார் தெரியுமா? "மொதப் பூவே செவப்புத்தான வந்துச்சு அம்மிணி. சாமி அப்பவே வேண்டாம்னு சொல்லிப்போடுச்சு. இவ தலையெழுத்து, நாம என்ன பண்றது." கல்யாணம் செய்வதற்கு இரண்டாவது பூ, கைகழுவுவதற்கு முதல் பூ. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, நாளைக்குப் பையனுக்குப் பெண் பேசப் போனால் இடைஞ்சலாகும் என்றார்கள். பையன் என்றது உன்னைத்தான். அதனால் ரத்தும் இல்லை, புருஷனோடு சேர்ந்து வாழவும் இல்லை. அவள் கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. ஓவர்லாக் மெஷினில் குனிந்து தைக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளும் என்று அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள்.

அப்புறம் முருகேசன் வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், நம்மிடம் கட்டிங் மாஸ்டராக இரண்டு வருடம் இருந்தான். நீ ஒரு தடவை வந்தபோது அவனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் போன பிறகு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். "அக்கா, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஒங்க மகளக் கட்டிக்கிடணும்னு நெனைக்கேன். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டேன். நீங்களும் சரின்னா ஊர்ல இருந்து எங்க அம்மாவக் கூட்டியாரேன்," என்றான். கலாமணி உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெற்றவள் நான், அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பெரியப்பாவிடம் போனேன். கல்யாணத்தை அவர்தானே முடித்து வைத்தவர். "இன்னொருத்தன் பொண்டாட்டிய இவன் எப்படிக் கட்டுவான்?" என்றார். அவன் விட்டுட்டானுங்களே மாமா என்றேன். "விட்டது கெடக்கட்டும். தாலி கழுத்துல கெடக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லு அம்மிணி." கிடக்குதுங்க என்றேன். "அப்ப அவ கல்யாணமானவ. கல்யாணமானவளுக்குக் கல்யாணம் கெடையாது. பேச்சு முடிஞ்சுது." கவனி கண்ணு, பூ விஷயத்தில் அவ்வளவு தாராளமாக இருந்த மனிதர், இங்கே என் பழைய லாஜிக் டீச்சரைவிடக் கறாராக இருந்தார். உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. நான் வீட்டுக்கு வந்து உனக்கு எழுதினேன். சென்னையில் நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். ஒரே ஒரு வரி போதும் எனக்கு. செய்யுங்கள் அம்மா, நான் இருக்கிறேன் என்று ஒரு வரி. உன்னிடமிருந்து இரண்டு பக்கம் வந்தது. சட்டத்தின் கண்ணில் அக்கா இன்னும் மனைவிதான், வாழ்க்கையின் கண்ணில் இல்லைதான், உண்மை என்பது நாம் எந்தச் சட்டகத்துக்குள் நின்று பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது, எதற்கும் அவசரப்பட வேண்டாம். அவசரப்படவில்லை. முருகேசன் தீபாவளி வரை பார்த்தான், பொங்கல் வரை பார்த்தான், பிறகு கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். இப்போது அவனுக்கு இரண்டு குழந்தைகள் என்று கேள்விப்பட்டேன். அவன் போன அன்று உன் அக்கா காலையிலிருந்து பொழுது சாயும்வரை தைத்தாள். ஒரு பீஸில்கூடத் தையல் பிசகவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது நடந்த பேச்சையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை நிரந்தரமாகியிருந்த சந்தோஷம். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, வகுப்பில் சொல்வதை எனக்கும் சொன்னாய். "அம்மா, நீங்க பி.யு.சி.ல படிச்ச மூணு விதியும் வானத்துல இருந்து எறங்கினதில்லீங்க. ஒரு பொருள் அதுவேதான். ஒண்ணு உண்டாவும் இல்லாமயும் ஒரே சமயத்துல இருக்காது. உண்டு, இல்லீன்னா இல்ல, நடுவுல எதுவும் கெடையாது. இதெல்லாம் சதுரங்கத்துல குதிரை இப்படித்தான் தாண்டோணும்னு வெச்ச மாதிரி, மனுசங்க பேசி வெச்சுக்கிட்டதுங்க. நடுவுல ஒண்ணு வெச்சும் கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. ஒண்ணும் இடிஞ்சு விழுகல." பிறகு டேபிளைக் காட்டினாய். "இங்கயே பாருங்க. நல்ல பீசு ஒரு பொட்டி, வேஸ்ட்டு ஒரு பொட்டி, நடுவுல கொஞ்சம் பழுதான செகண்ட்ஸ். நீங்களே மூணு வெச்சிருக்கீங்களே." அன்றைக்கு நான் சிரித்தேன். என் மகன் எவ்வளவு அழகாகப் பேசுகிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பெட்டி எத்தனை என்பது கம்பெனிக்காரன் வைக்கிறது, நாளைக்கே அவன் ஐந்து பெட்டி வைத்தாலும் வைப்பான், ஆனால் துணியில் ஓட்டை இருக்கா இல்லையா என்பதை அவன் வைக்க முடியாதே என்றேன். நீ விடவில்லை. ஓட்டை என்று எதைச் சொல்வது என்பதும் வைத்துக்கொண்டதுதான் என்றாய். சரி, அந்த விதி இல்லாமல் முடியவே முடியாது என்று நிரூபித்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றாய். நான் எதைச் சொல்லித் தொடங்கினாலும், "பாத்தீங்களா, இதுக்குள்ளயே அந்த விதியப் போட்டுட்டீங்க," என்று மடக்கினாய். மடங்கினேன். நீ ஜெயித்தாய், ஒத்துக்கொள்கிறேன், எழுதியே தருகிறேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்த உன் அக்கா நாம் பேசியது அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி எம்புட்டுப் படிச்சிருக்கான் என்றாள். நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய்.

நீ போன பிறகு மெஷினில் உட்கார்ந்து நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த லாட்டில் எல்லா பீசுக்கும் கழுத்தில் இரட்டைத் தையல் என்று கம்பெனிக்காரனோடு பேசி வைத்துக்கொள்கிறேன். கையில் ஒரு பீஸ் எடுக்கிறேன். இது அந்த லாட்டுப் பீஸ். ஆகவே இதற்கும் இரட்டைத் தையல். அந்த ஆகவேயை நான் யாரோடு பேசி வைத்தேன்? அதையும் பேசி வைத்ததாகச் சொன்னால், பேசி வைத்ததை இந்தப் பீசுக்குக் கொண்டுவர இன்னொரு ஆகவே வேண்டாமா? எங்கேயோ ஓர் இடத்தில் யாரும் பேசி வைக்காத ஒன்று இருந்தால்தான், பேசி வைத்ததற்கே மதிப்பு என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. விதிகள் எல்லாம் ஒப்பந்தம் என்று நீ சொன்னாய். அவை ஒப்பந்தம் இல்லை என்றுதான் நீ சொன்னதாக நான் எடுத்துக்கொண்டிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும். அம்மா, நான் ஒன்று சொன்னால் அதையேதான் சொல்கிறேன், அதற்கு எதிரானதைச் சொல்லவில்லை என்று கத்தியிருப்பாய். அப்போது எந்தப் புத்தகத்து மூன்றாவது பெட்டியையும் நீ தேடியிருக்க மாட்டாய். உன் வார்த்தைக்கு அந்த விதி கட்டாயம் வேண்டும், உன் அக்காவின் வாழ்க்கைக்கு மட்டும் அது விருப்பப்பட்டால் வைத்துக்கொள்கிற ஏற்பாடு. இது நிரூபணம் இல்லை என்று சொல்வாய். இல்லைதான். நான் பரீட்சை எழுதவில்லை.

போன வாரம் பெரியப்பா மண்ணரைக்கு வந்தார். "கலாமணி பாவந்தான். ஆனா வாழாத புள்ள. சீர் செஞ்சு வெக்கற அருமைக்காரர் ஒத்துக்க மாட்டார். புருசனோட வாழற கட்டுக்கழுத்தியாப் பாத்துத்தான் இணைச்சீருக்கு நிறுத்தோணும். என்ற மகளே நிக்கட்டும்," என்றார். ஏனுங்க மாமா, முருகேசன் கேட்டப்ப இவ கல்யாணமானவ, இன்னொருத்தன் பொண்டாட்டின்னு சொன்னீங்களே, அதே தாலி இன்னமும் கழுத்துலதானுங்களே கெடக்குது என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழும் என்று பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து ஒரு தடவையாவது வாயடைத்துப் போவார் என்று பார்த்தேன். "அது வேற, இது வேற அம்மிணி," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பத்திரிகை அடிக்க ஆள் வந்திருக்கும், பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

பி.யு.சி.யில் எங்கள் டீச்சர் ஒரு நாள் சொன்னார், ஒரு முரண்பாட்டை ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்று. எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது, இரண்டு மார்க் கேள்வி. இப்போதுதான் எனக்கு அதன் பொருள் விளங்குகிறது. கல்யாணமானவள், ஆகவே மறுபடி கல்யாணம் கிடையாது. கல்யாண வாழ்க்கை இல்லாதவள், ஆகவே மேடை கிடையாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்தவருக்கு அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடிகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மீறவே முடியாத விதி என்றால் அது மனிதர்களைத் தடுத்து நிறுத்தும் என்று நினைத்திருந்தேன். தடுக்காது கண்ணு. உன் அக்கா ஒரே சமயத்தில் மனைவியாகவும் மனைவி இல்லாதவளாகவும் ஒரு நாள்கூட இருந்ததில்லை, யாராலும் அப்படி இருக்க முடியாது. ஆனால் அப்படி இருப்பதாக வைத்து அவளை நடத்த முடிந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தினீர்கள். விதிக்கு ஒரு கீறலும் இல்லை, விழுந்ததெல்லாம் அவள்மேல் விழுந்தது. முப்பது வயதுக்குள் அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

பெரியப்பாவை நான் திட்டி முடித்துவிட்டேன், அவர் படிக்காதவர், அவருக்கு ஊர்தான் எல்லாம். எனக்கு ஆறாதது நீ எழுதியது. வழக்கங்கள் மனிதர் வைத்தவை, அவற்றுக்கு உள்ளே ஒரு நியாயமும் கிடையாது, அவற்றோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது அம்மா என்று எழுதியிருக்கிறாய். மனிதர் வைத்ததென்றால் மனிதர் எடுக்கலாமே கண்ணு. கல்யாணம் உன்னுடையது, மேடை உன்னுடையது, அந்த வழக்கத்தை வைத்திருக்கிற மனிதரில் நீயும் ஒருவன். முருகேசன் விஷயத்தில் எடுத்திருக்கலாம். இப்போதும் எடுக்கலாம். வகுப்பறையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிறாய், ஊருக்கு வந்தால் ஒரு செங்கலைக்கூட அசைக்க மாட்டேன் என்கிறாய். வானத்திலிருந்து வந்தது என்று நம்புகிறவனாவது ஒரு நாள் அதோடு சண்டைக்குப் போவான். எல்லாம் சும்மா வைத்துக்கொண்டது என்று தெரிந்தவன் எதற்கும் எழுந்திருப்பதில்லை. உன்னைப் படிக்க வைத்ததில் இப்படி ஒன்று விளையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இனி நேற்று நடந்தது. கரண்ட் வந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் நான் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி என்னங்க எழுதியிருக்கான்?" என்று கலாமணி கேட்டாள். பக்குவமாகச் சொல்ல எனக்கு இனித் தெம்பில்லை. கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பெரியப்பா மக நல்லாத்தான் செய்வா. எனக்கு அந்தச் சபைல நிக்கறதுக்கே கூச்சமாத்தானுங்க இருந்துச்சு," என்றாள். பொய் சொன்னாள். இணைச்சீருக்கு உடுத்துவதற்காக அவளே கடைக்குப் போய் ஒரு அரக்குச் சேலை எடுத்துவைத்திருந்தாள், எனக்கே மூன்று தடவை பிரித்துக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் அதை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்து, இதையும் பெரியப்பா மகளுக்கே கொடுத்துவிடுங்கள், புதுசு, ஒரு தடவைகூடக் கட்டவில்லை என்றாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அவள் அழாதபோது நான் அழுவதற்கு வெட்கமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் அவனுக்கு அக்காதானுங்களே?" அவள் கோபத்தில் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்திருந்தது. மனைவியா இல்லையா என்று கேட்டதற்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலைக் கொடுத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டீர்கள், இப்போது அக்காவா இல்லையா என்பதிலும் அவளுக்கு அதே நடு வந்துவிட்டது. ஒரு பொருள் அதுவேதான் என்கிற முதல் விதியையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள். ஆமாஞ்சாமி, நீதான் அக்கா, வேற யாரு என்றேன். "நீங்க சொல்லி என்னங்க ஆகுது. அவனல்ல சொல்லோணும்," என்றாள். பெடலை மிதித்தாள், மெஷின் சத்தத்தில் அப்புறம் பேச முடியவில்லை.

ஆகையால் இந்தக் கடிதத்துக்கு நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. அவள் உனக்கு அக்காதான் என்றால், "மேடையில் நீதான் நிற்கிறாய்" என்று எழுது. அருமைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், பெரியப்பா பந்தியை விட்டு எழுந்து போனால் போகட்டும், அந்தக் கூட்டத்தில் அவள் பக்கத்தில் நிற்க நான் இருக்கிறேன், இந்தத் தடவை தூணுக்குப் பின்னால் போக மாட்டேன். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மண்ணரையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருப்போம், அங்கே யாரும் எங்களைத் தேட வேண்டாம், நான் உன்னைச் சபிக்கவும் மாட்டேன். அவள் இரண்டையும் தாங்குவாள். "நீ அக்காதான், ஆனால்" என்று தொடங்கி மட்டும் ஒன்றும் எழுதாதே. அந்தப் பதில் அவளிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உறையின்மேல் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைப் போடுவதா, புருஷனின் முதலெழுத்தைப் போடுவதா என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. கலாமணி, மண்ணரை என்று போட்டால் போதும். போஸ்ட்மேன் நேராக அவள் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், அவள் யார் என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அம்மா